இழுத்தாலும் நிற்காதது

அம்மணி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவள் இந்தத் தடவை ஒரே பக்கத்தில் முடித்திருந்தாய். உன் கோபம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. அமெரிக்காவில் அந்தப் பல்கலைக்கழகம் நட்சத்திர ஆராய்ச்சிக்கு உனக்கு இடம் கொடுத்திருப்பதையும், அதை நீ வேண்டாமென்று எழுதப்போவதையும் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாய். காரணத்தையும் ஒளிக்கவில்லை. "அம்மாவுக்குக் கை கால் விழுந்து ஒன்றரை மாசம் ஆச்சுன்னு மேட்டுப்பாளையத்து மாமா பெங்களூர் வந்தப்பத்தான் எனக்குத் தெரியுதுங்கப்பா. நீங்க கொஞ்சம் அசதின்னு எழுதுனீங்க. முன்ன ஒருக்கா, நல்லா இருந்தவங்களைச் சீரியஸ்னு தந்தி அடிச்சீங்க. இனிமே உங்க கடுதாசியை நான் எப்புடிப் படிக்கறதுங்க? நல்லா இருக்கறாள்னு எழுதுனா நல்லா இருக்கறாங்களா? அது தெரியாம நான் கடல் தாண்டிப் போக மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பனைப் பொய்யன் என்கிறாளே என்று வாசலுக்கும் கொல்லைக்குமாக நாலு நடை நடந்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம் பாதியாகிவிட்டது. மூன்றாம் தடவை படித்தபோது, இதில் தப்பாக ஒரு வார்த்தையும் இல்லையே என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

என் தொழில் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன், சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருஷமாகப் பாறையில் வெடி வைத்துக் கிணறு இறக்குகிறேன். ஐந்து குழி அடித்து, மருந்து கெட்டித்து, ஐந்து திரியையும் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்தால், ஐந்து சத்தம் எண்ண வேண்டும். நாலுதான் கேட்டது என்றால் ஒரு குழி வெடிக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு ஆளும் இறங்கக் கூடாது. தோட்டத்துக்காரர் அவசரப்படுவார். "ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்குமுங்க மேஸ்திரி, எறங்கச் சொல்லுங்க" என்பார். நான் இறங்க விட்டதில்லை. அதனால்தான் இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு உயிர் போனதில்லை. மேஸ்திரி எண்ணிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துடியலூரைச் சுற்றிப் பத்து ஊரில் பேர். அப்படிப்பட்ட நான் தந்தி ஆபீசில் நின்று பொய் எழுதினேன். கூலிக்கு வந்த ஆளுக்குச் சொல்லாத பொய்யைப் பெற்ற பெண்ணுக்குச் சொன்னேன். வீட்டுக்குள் சொல்வதெல்லாம் பொய்யில் சேராது என்று ஒரு நினைப்பு நம் பக்கத்து ஆண்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

நான் மட்டுமா அடித்தேன்? பட்டாளத்தில் இருக்கிற பையனுக்கு லீவு வாங்க வேண்டுமா, பம்பாய்க்குப் போனவனைப் பெண் பார்க்கக் கூப்பிட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதே நாலு வார்த்தை. மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. தந்தி ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதிக் கொடுக்கிறவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அம்மாவுங்களா, அப்பாவுங்களா?" என்றுதான் கேட்டார். அம்மா என்றேன். என்னைச் சீரியஸ் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, அதனால் உன் அம்மாவைச் சொன்னேன். பார்த்துக்கொள், அப்போதும் உன் அப்பன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் பொய் சொல்லியிருக்கிறான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அவிநாசிப் பக்கத்தில் நல்ல குடும்பம், பையன் மில்லில் சூப்பர்வைசர், வெள்ளிக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நீ வியாழக்கிழமை காலையில் ரயிலை விட்டு இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்தாய். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தந்தி அடித்ததே தெரியாது. "என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டே? லீவா?" என்றாள். நீ பையைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாய், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாய், அப்படியே மொச்சைத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாய். உள்ளே கண்ணாடி முன்னால் மீசையைச் சீவிக்கொண்டிருந்த நான் அதைக் கண்ணாடியிலேயே பார்த்தேன். வெளியே வரத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் இந்த வீட்டில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவிநாசிக்காரர்களை வர வேண்டாம் என்று உன் அம்மாவே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்றாள். கேட்டால், "சீரியஸா இருக்கறவ எப்புடிங்க சோறாக்குவா?" என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். தந்தி அடித்த சேதி எப்படியோ வெளியே கசிந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து உன் மாமன் ஒரு தார் வாழைப்பழமும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லீடா, உங்க மச்சானுக்குத்தான் புத்தி சீரியஸு. பழத்த அவருக்குக் குடு" என்றாள். உன் மாமன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். நீயும் சிரித்துவிட்டாய். உன் சிரிப்பைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளைக்கு அவ்வளவுதான் கணிப்பு.

மூன்றாம் நாள் மதியம் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்தாய். திரி வைத்துவிட்டு ஆட்களெல்லாம் மண்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார்கள், நாமும் ஒதுங்கினோம். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உன்னை மடக்குவதற்கென்றே ஒரு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். "உலகத்துல இருக்கற எல்லாம் ஒண்ணையொண்ணு இழுக்குதுன்னு நீதான் சொன்னே. பொறவு வானத்துல இருக்கறதெல்லாம் ஒண்ணைவிட்டு ஒண்ணு வெலகி ஓடுதுன்னும் நீதான் சொல்றே. ரெண்டுல எது நெசம்? இழுப்பு இருந்தா எப்புடி ஓடும்?" என்றேன். கேள்வி நட்சத்திரத்தைப் பற்றியதல்ல என்று உனக்கும் தெரியும். பெற்றவர்கள் இத்தனை இழுக்கிறோமே, நீ எப்படி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய் என்றுதான் கேட்டேன். ஆனால் நீ குத்தலைக் குத்தலாக எடுக்காமல் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாய். கிணறு வெடித்தது. ஐந்து சத்தம் எண்ணினேன். கல் கிளம்பி வேப்பமர உயரத்துக்கு வந்து திரும்ப விழுந்தது.

"அந்தக் கல்லைப் பூமி இழுக்கலீங்களாப்பா?" என்று கேட்டாய். இழுக்கிறது என்றேன். "பின்ன ஏனுங்க மேல வந்துச்சு?" மருந்து தள்ளியது என்றேன். "மருந்து குழிக்குள்ளயே எரிஞ்சு தீந்துபோச்சுங்களே. மரத்துக்கு நேரா வர்றப்ப அதைத் தள்றதுக்கு அங்க யாரு நின்னாங்க?" என்று கேட்டாய். முப்பது வருஷம் வெடி வைத்தவன், மருந்துதான் கல்லை உச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்திருக்கிறேன். கிளம்பின வேகம்தான் அதைக் கொண்டுபோகிறது, தள்ளிக்கொண்டே இருக்க ஆள் தேவையில்லை, இழுப்பு அந்த வேகத்தை மெல்ல மெல்லக் குறைக்கும், போகிறதை உடனே பிடித்துத் திருப்பிவிடாது என்று நீ சொன்னாய். மருந்தைக் கூட்டினால் இன்னும் மேலே போய் விழும் என்று எனக்கே தெரியும். இன்னும் கூட்டினால், இன்னும் கூட்டினால் என்று நீ கேட்டுக்கொண்டே போனாய். எங்கேயோ ஒரு இடத்தில் விழாமலே போய்விடும் என்றாய். இப்போது ராக்கெட் விடுகிறார்களே, அதில் அந்த வேகத்தைத் தாண்டி விட்டது திரும்பி வராது என்றாய்.

எனக்கு அது ஒப்பவில்லை. "அப்ப அவ்வளவு தூரம் போனா இழுப்பு அத்துப்போகும்ங்கறயா?" என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்போது நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. இந்த வாரம்தான் வாங்கினேன். "அத்துப்போகாதுங்கப்பா. எத்தனை தூரம் போனாலும் இழுப்பு இருந்துட்டேதான் இருக்கும். ரெண்டு பங்கு தூரத்துல கால் பங்கு, மூணு பங்கு தூரத்துல ஒம்பதுல ஒரு பங்கு, அப்புடித் தேஞ்சுட்டே போகும், தீராது. கல்லு வேகமும் கொறைஞ்சுட்டேதான் போகும். ஆனா வேகம் தீர்றதுக்குள்ள இழுப்பு தேஞ்சுபோகும். அதனால நிக்காது. வானத்துல அந்தக் கூட்டம் கூட்டமான நட்சத்திரமும் அப்புடித்தான் போகுது. இழுப்பு இல்லாமப் போகலீங்க, இழுக்க இழுக்கத்தான் போகுது." இதைச் சொல்லிவிட்டு, உடனே சேர்த்துச் சொன்னாய், கிணற்றை அப்படியே வானத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடாதீங்க, அங்கே குழியும் கிடையாது, கரையும் கிடையாது, நடுவு என்றே ஒன்று கிடையாது என்று.

அது என்ன நடுவில்லாத வெடி என்று நான் வீட்டுக்கு வந்தும் வாதாடினேன். உன் அம்மாவுக்கு என்மேல் கோபம் தீரவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது. விளக்குத் திரிக்குப் பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் வேலை பார்த்தவள் அல்லவா, ஒரு பிடி பஞ்சை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நீட்டினாள். "இதுல ஒட்டியிருக்கற தூசியெல்லாம் பாருங்க. பஞ்ச நீட்டுனா ஒவ்வொரு தூசியும் மத்ததை விட்டு வெலகுது. எந்தத் தூசியக் கேட்டாலும் மத்ததெல்லாம் என்னைய விட்டு ஓடுதுன்னுதான் சொல்லும். இதுல நடு எங்க இருக்குது? இது கூடப் புரியலீங்களா?" என்றாள். நீ வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தாய். எங்கள் பேராசிரியர்கள் இதைச் சொல்ல ஒரு புஸ்தகமே எழுதுகிறார்கள் அம்மா என்றாய். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, உடனே அடுத்த கேள்வி கேட்டாள்: "அப்ப நம்ம ஊடும் பெருசாகுமா கண்ணு?" ஆகாது என்றாய். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை இழுப்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வீடும் பூமியும் சூரியனும் நம் நட்சத்திரக் கூட்டமும் அப்படியேதான் இருக்கும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நீளுகிறது என்றாய். "அப்ப ஒரு ரூமு சேத்துக் கட்டோணும்னா மேஸ்திரிதான் கட்டோணும்" என்றாள் அவள். மூன்று நாளில் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

ஓடுவதை யார் போய்ப் பார்த்தார்கள் என்றும் கேட்டேன். அப்போது மேட்டுப்பாளையம் ரயில் போனது. வரும்போது உச்சத்தில் இருக்கிற ஊதல் நம்மைத் தாண்டினதும் இறங்கிவிடுவதைக் கவனிக்கச் சொன்னாய். தூரத்திலிருந்து வருகிற வெளிச்சமும் ஏறக்குறைய அதே மாதிரி இறங்கிச் சிவப்புப் பக்கமாகப் போயிருக்கிறது, எவ்வளவு தூரமோ அவ்வளவு அதிகம் என்றாய். முதலில் அத்தனையையும் கிளப்பிவிட்டது எது என்று கேட்டேன், தெரியாது என்றாய். ஒரு நாள் நின்று திரும்புமா என்று கேட்டேன், அதுவும் தெரியாது என்றாய். மொத்தம் எவ்வளவு கனம் இருக்கிறது என்று எண்ணினால்தான் சொல்ல முடியும், கனம் போதுமானால் ஒரு நாள் நின்று எல்லாம் திரும்பும், போதாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும், இதுவரை எண்ணினதில் போதவில்லை என்கிறார்கள், இப்படியெல்லாம் இல்லவே இல்லை, நடுவில் புதிது புதிதாகப் பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள் என்றாய். "இத்தனை படிச்சும் தெரியாது தெரியாதுன்னே சொல்றயே" என்று கிண்டல் செய்தேன். "தெரியாததைச் சரியாத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தானுங்கப்பா இத்தனை படிப்பு" என்றாய். அதே பேச்சோடு பேச்சாக, குரலை உயர்த்தாமல், அந்த வாரம்தான் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பெங்களூர் வந்து தன்னோடு வேலை செய்ய ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துப் போக இருந்தார் என்றும், அன்று காலையில் வேறொருவரை எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார் என்றும் சொன்னாய். உன் அம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷமாக வாராவாரம் எழுதின கடிதத்தில் ஒன்றிலும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் "கனம் எண்ணி முடித்தார்களா?" என்று ஒரு வரி போடுவேன். நீயும் சளைக்காமல், "இன்னும் பத்தலீங்கப்பா" என்று பதில் போடுவாய். நமக்குள் இது ஒரு விளையாட்டு என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அது விளையாட்டு அல்ல. ஒரு நாள் போதும் என்று எழுதமாட்டாயா, எல்லாம் நின்று திரும்பும் என்று எழுதமாட்டாயா என்றுதான் உறையைப் பிரிப்பேன். நான் பண்ணின தப்பு இதுதான் கண்ணு. போகிறதை நிறுத்தினால்தான் அது இழுப்பு, நிறுத்தாவிட்டால் இழுப்பே இல்லை என்று நினைத்துவிட்டேன். என் பாசத்துக்குக் கனம் போதவில்லை என்று தோன்றிய அன்று பொய்யாகக் கொஞ்சம் கனம் சேர்த்துத் தந்தி அடித்தேன். சேர்த்த கனம் உன்னை நாலு நாள் இழுத்து வந்தது. ஆனால் இன்றைக்கு நான் எழுதுகிற எதையும் நீ நம்ப முடியாமல் போய்விட்டது.

இனி உன் அம்மா விஷயம். இதை எழுதும்போது அவள் பக்கத்திலேயே கட்டிலில் சாய்ந்துகொண்டு, என்ன எழுதுகிறேன் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். வலது கையில் கொஞ்சம் பலம் குறைவு என்று எழுதினேன். "பலம் கொறைவில்லீங்க, கை வரலைன்னு எழுதுங்க" என்றாள். ஆகையால் அப்படியே எழுதுகிறேன். வலது கை வரவில்லை. விரல் நுனி மட்டும் லேசாக அசைகிறது. வலது காலை இழுத்து வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முதல் இரண்டு வாரம் பேச்சு குழறியது, இப்போது தெளிவாகிவிட்டது, களைத்துப்போனால் மட்டும் வார்த்தை தடுமாறும். டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொல்லியிருக்கிறார், அதை இடது கையால் என்மேல் எறிவதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறாள். குளிக்க வைக்கப் பக்கத்துத் தோட்டத்து நாகம்மா வந்து போகிறாள். சமையல் நான். உப்பு ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கிறது. தலை வாரிச் சடை பின்னிவிடுவதும் நான்தான், திரி முறுக்கிப் பழகின கைக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. இந்த வாதம் மறுபடியும் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், இன்னும் பத்து வருஷமும் அவள் இருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். அவர் தெரியாது என்றது எனக்குப் பிடித்திருந்தது, உன் பேச்சு ஞாபகம் வந்தது.

விழுந்த அன்றைக்கு ஏன் தந்தி அடிக்கவில்லை என்று கேட்பாய். தந்தி ஆபீசுக்குப் போனேன். ஃபாரத்தை வாங்கி மதர் என்று எழுதினேன். அடுத்த வார்த்தை சீரியஸ்தான், வேறு எதை எழுதுவது? அதே வார்த்தை. கை நின்றுவிட்டது. இதைப் பார்த்தால் நம்பமாட்டாள் என்று தோன்றியது. நம்பிக் கிளம்பி வந்து, அமெரிக்காவிலிருந்து வரப்போகிற கடிதத்தையும் தொலைத்துவிடுவாள் என்றும் தோன்றியது. இரண்டில் எதனால் ஃபாரத்தைக் கிழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் நன்மைக்கு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் வெட்கம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் அசதி என்று எழுதிப் போட்டேன். உன்னை வரவைக்க ஒரு பொய், வராமல் இருக்க ஒரு பொய். இரண்டுக்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மணி.

நீ போக வேண்டும். எங்களுக்காக அல்ல, ஊரில் பெருமை பேசுவதற்காகவும் அல்ல. நீ கிளம்பி வெகுநாளாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் புகை தெரிவதற்கும் வெடிச் சத்தம் கேட்பதற்கும் நடுவில் எத்தனை எண்ணலாம் என்று தூரத்து மேட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாயே, அன்றைக்கே கிளம்பிவிட்டாய். அந்த வேகம் உன்னுடையது, நாங்கள் தள்ளினதுகூட அல்ல. இப்போது அம்மாவின் மேல் இருக்கிற அன்பினால் நீயாக நின்றால்கூட ஒப்புக்கொள்வேன். ஆனால் என் வார்த்தையை நம்ப முடியாததால் நிற்கிறாய். அதற்கு நான் சம்மதிக்க முடியாது, அந்தப் பாரத்தோடு எனக்குச் சோறு இறங்காது. அங்கே போய் நன்றாகச் சாப்பிடு. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள், கணக்குப் பார்க்காதே. தெரியாததைத் தெரியாது என்றே சொல். கல்யாணப் பேச்சை இனி எடுக்கவே மாட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எடுப்பேன். கடிதத்தில் எடுப்பேன், தந்தியில் எடுக்கமாட்டேன்.

இனிமேலும் வாரம் ஒரு கடிதம் வரும். அதில் உன் அம்மாவின் கை எவ்வளவு அசைகிறது என்று இருக்கும். அசையவில்லை என்றால் அசையவில்லை என்று இருக்கும். ஏதாவது நடந்துவிட்டால், நடந்ததை நடந்தபடி தந்தி அடிப்பேன். அது கிடைத்து நீ கிளம்பி வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும், உனக்காக வைத்திருக்க முடியாது. இது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும், அவள்தான் இதை எழுதச் சொன்னாள். நீயும் தெரிந்துகொண்டே போ.

எழுதி முடித்து முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மொச்சை உரித்த இடத்தில் சிரித்தாள், தந்தி ஆபீஸ் வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். "எல்லாம் செரிங்க. கடைசியில ஒரு வரி இன்னும் பொய்யா இருக்குது, அதை அடிச்சுப்போடுங்க" என்றாள். எது என்று கேட்டேன். சொன்னாள். அவள் சொன்னபடி அடித்தேன். வேறு தாளில் சுத்தமாக எழுதிவிடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அம்மணி பார்க்கட்டும் என்றாள். அதனால் மேலே ஒரு வரியின் குறுக்கே கோடு கிழித்து அடித்திருப்பதை நீ படிக்கலாம், எழுத்துத் தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். "நீ போவதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தேன்.

போய் வா, கண்ணு.

அப்பா